வாடகைக் காரில் பிரான்சின் தோர்தோன்ய் பள்ளத்தாக்கு: அறுபது வயதுக்கு மேல் ஒத்துவருமா?

தாராளமாக. ஆனால் ஆட்டோமேட்டிக் கார் எடுங்கள். கியர் வண்டியென்றால் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகும்போதே வலது கையால் கியரும் மாற்ற வேண்டும். கூடுதல் வாடகை கொடுத்துவிடலாம். முன்பணத்துக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்.

தங்குவதற்கு சார்லா என்ற ஊர் வசதி. தொம், லா ரோக்-கஜாக், பேனாக் ஆகிய ஊர்கள் எல்லாம் பக்கம்தான். சார்லாவில் புதன், சனி காலை சந்தை என்பதால் காரை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள். பேனாக் கோட்டைக்கு ஆற்றங்கரையிலிருந்து ஏறுவது செங்குத்தான கல்பாதை. முழங்கால் வலி இருந்தால் மேலேயே காரில் போய்விடலாம்.

நடுத்தடுப்பு இல்லாத கிராமச் சாலையில் பொதுவாக 80 கி.மீ. வேகம். சிவப்பு விளிம்பிட்ட ஊர்ப் பெயர்ப்பலகை வந்தாலே 50. தனியாக எண் போட்டிருக்காது. அபராதம் வாங்குவது பெரும்பாலும் இங்கேதான். பலகையே இல்லாத சந்திப்பில், சின்னச் சந்தானாலும், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி.

பெட்ரோல் மூடியில் வட்டத்துக்குள் இ10 (E10), டீசலில் சதுரத்துக்குள் பி7 (B7) என்றிருக்கும். ஆளில்லா பங்க்கில் கார்டிலிருந்து பெருந்தொகையைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும், பதற வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் 12 மணிக்கே உட்காருங்கள். கிராமங்களில் 2 மணிக்குமேல் அடுப்படி மூடிவிடும்.