14 மாதம் ப்ரோபயாட்டிக் கேப்சூல் சாப்பிட்டதில் எடையும் கொழுப்பும் என்ன ஆயின

2023 ஜனவரியில் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் கைக்கு வந்தபோது எடை 84 கிலோ, உயரம் 168 செ.மீ., எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 152, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 218. நம் ஊர்க்காரர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற அளவு) 25-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்று கணக்கு, எனக்கு 30-ஐ நெருங்கியிருந்தது. அலுவலகத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, தினம் 1000 கோடி உயிருள்ள பாக்டீரியா என்று அட்டையில் போட்டிருந்த ப்ரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது என்று சொல்லப்படும் பாக்டீரியா அடங்கிய கேப்சூலை வாங்க ஆரம்பித்தேன். 30 கேப்சூல் 780 ரூபாய்.

முதல் பத்து நாள் வயிறு உப்புசம், சாயங்காலமானால் பேன்ட் இறுக்கும். அப்புறம் அது அடங்கி, வருடக்கணக்காக இருந்த மலச்சிக்கல் சரியானது. இந்த ஒரு விஷயத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

எடைக்கு வருவோம். கேப்சூல் மட்டும் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக முதல் நாலு மாதம் சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. மே மாதம் மறுபடி லேபுக்குப் போனேன், ஊசி குத்துகிற தம்பி "ராத்திரி சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சுண்ணா?" என்று கேட்டு, 12 மணி நேரம் ஆச்சு என்று உறுதி செய்துகொண்டுதான் ரத்தம் எடுத்தார். எடை 83.2, எல்டிஎல் 147, டிரைகிளிசரைடு 224. அரை கிலோ, ஒரு கிலோ வித்தியாசம் தண்ணீர் குடித்தாலே வரும், அதனால் இதை நான் பலன் என்று எண்ணவில்லை.

ஏமாற்றமாக இருந்தது, உட்கார்ந்து படித்தேன். 2018-ல் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், மொத்தம் 957 பேர், ப்ரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்த எடை சராசரியாக 0.6 கிலோதான். கொழுப்புக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது: சில பாக்டீரியாக்கள் குடலில், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பை உடைத்துவிடும், உடைந்தது மலத்தோடு போய்விடும், குறைந்ததை ஈடுகட்ட கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதுப் பித்தம் செய்யும். லாக்டோபேசில்லஸ் ரூட்டெரி என்கிற பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட ரகத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 9 வாரத்தில் எல்டிஎல் கிட்டத்தட்ட 12 சதவீதம் இறங்கியது. குறிப்பிட்ட ரகம் என்பதுதான் இங்கே முக்கியம். என் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், நாலு பாக்டீரியாவின் பெயர் இருந்தது, எந்த ரகம் என்கிற எண் ஒன்றுக்கும் இல்லை. போதாததற்கு "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று அதே அட்டையில் பொடி எழுத்து. நான் வாங்கிய கடையிலோ அது வெயில் படும் கண்ணாடி ஷோகேஸில் அடுக்கியிருந்தது, எத்தனை பாக்டீரியா உயிரோடு என் வயிறு வரை வந்து சேர்ந்ததோ! அதற்குப் பிறகு ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் கடையில்தான் வாங்கினேன்.

ஜூன் முதல் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். இரண்டு தோசை, நிறைய காய், டீக்குச் சர்க்கரை கிடையாது, காலையில் 45 நிமிடம் நடை. கேப்சூலும் தொடர்ந்தது. 2024 பிப்ரவரி கடைசியில் எடை 78.5, எல்டிஎல் 131, டிரைகிளிசரைடு 161. வீட்டில் எல்லோரும் கேப்சூல்தான் காரணம் என்றார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. டாக்டரிடம் கேட்டபோது, "அதை மட்டும் நிறுத்திட்டு மூணு நாலு மாசம் பாருங்க சார், மத்தது எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நிறுத்தினேன். ஜூன் மாதம் 78.1, எல்டிஎல் 133, டிரைகிளிசரைடு 155. ஒன்றும் திரும்ப ஏறவில்லை.

மலச்சிக்கல் மட்டும் மூன்றாவது வாரத்தில் எட்டிப் பார்த்தது. மதியம் ஒரு கிண்ணம் வீட்டுத் தயிர், வாரத்தில் நாலு நாள் கீரை என்று ஆக்கிய பிறகு அதுவும் போய்விட்டது. 14 மாதத்தில் கேப்சூலுக்குப் போனது பதினோராயிரம் கிட்ட. எல்டிஎல் 133 இன்னும் அதிகம்தான், அதற்கு மாத்திரை தேவையா என்று அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். ஏற்கெனவே கொழுப்பு மாத்திரை எடுக்கிறவர்கள் இந்தக் கேப்சூலை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.