தொட்டாச்சிணுங்கி சுருங்கத்தான் செய்யும், இது கழன்றே விழும்: நிலக்கடலைக் கள்ளி

நிலக்கடலைக் கள்ளி, அதாவது பீநட் கேக்டஸ் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் பூப்படத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள். சுண்டுவிரல் தடிமன் தண்டில் நாலைந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஆரஞ்சுச் சிவப்புப் பூ. படம் பொய்யில்லை. ஆனால் அதில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்தச் செடியைத் தொடக் கூடாது. முள் குத்தும் என்பதற்காக அல்ல, அது வெள்ளை மயிர் மாதிரிதான். தொட்டால் தண்டு கழன்று கையோடு வந்துவிடும்.

தண்டு கொழுகொழுவென்று இருந்தாலும், பக்கக் கன்று தாயோடு ஒட்டியிருக்கும் கழுத்து மிக மெல்லியது. தண்ணீர் குடித்து விறைத்திருக்கும் நேரத்தில் லேசாக இடித்தாலே 'டக்'கென்று விடும். அர்ஜென்டினாவின் துக்குமான், சால்டா மலைப்பகுதியில் அதற்கு இது பிழைக்கும் வழி: விழுந்த துண்டு விழுந்த இடத்தில் வேர் விட்டுவிடும். நம் மாடியில் பூனை, காக்கை, துணி காயப்போடும் கை எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன.

தொட்டி மாற்றும்போதுதான் பொறுமை போகிறது. தண்ணீர் ஊற்றிய மறுநாள் தொட்டி மாற்றினால் பாதிச் செடி தரையில் கிடக்கும். பத்து நாள் காயவிட்டு, தண்டு லேசாகச் சுருங்கித் துவண்டபின் செய்ய வேண்டும். செய்தித்தாளை நான்காக மடித்துப் பட்டையாக்கிக் கொத்தைச் சுற்றிப் பிடித்து, தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அடித்துளை வழியாகக் குச்சியால் வேருருண்டையைத் தள்ளுங்கள். மேலிருந்து இழுக்கவே கூடாது. இத்தனை செய்தும் பத்துப் பன்னிரண்டு துண்டு உதிரும். புதுத் தொட்டியில் வைத்தபின் ஒரு வாரம் தண்ணீர் கூடாது, அறுந்த வேர் ஆற வேண்டும்.

வேர் ஆழம் போகாது. 12 சென்டிமீட்டர் அகலம், 6 அல்லது 7 சென்டிமீட்டர் ஆழமுள்ள மண்தொட்டி போதும். ஆழத் தொட்டியில் அடிமண் ஈரம் காயாமல் வேர் அழுகும். கலவையில் இரண்டு பங்கு உடைத்த செங்கல் (3 முதல் 5 மில்லிமீட்டர், தூசு போகச் சலித்தது), ஒரு பங்கு கழுவிய பருமணல், ஒரு பங்கு மக்கிய இலையுரம். நர்சரிக்காரர்கள் தென்னைநார்க் கழிவில் வைத்து விற்பார்கள். அது காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, நனைந்தால் விடாது. வாங்கியதும் உதறிவிடுவது நல்லது.

சமவெளியில் மூன்று நான்கு மணி நேரக் காலை வெயில் போதும். ஏப்ரல், மே உச்சி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை வேண்டும். நிழல் அதிகமானால் தண்டு வெளிறி நீளும், இன்னும் சுலபமாக உதிரும். கோடையில் மண் முழுக்கக் காய்ந்தபின் மாலையில் ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் கூரைக்கடியில் போக வேண்டும்.

அடுத்த எரிச்சல் செஞ்சிலந்திப் பேன். தண்டின் நுனி துருப்பிடித்த மாதிரி பழுப்பேறினால் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தண்டைத் தூரிகையால் தட்டினால் (ஆம், ஓரிரண்டு தண்டும் சேர்ந்தே விழும்) பொடிப்புள்ளிகள் ஊர்வது தெரியும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதான் எங்கும் சொல்லும் முதல் வைத்தியம். இந்தச் செடியில் அதைச் செய்தால் பேன் போகுமோ இல்லையோ செடி போய்விடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு கலந்து, வெயில் சாய்ந்தபின் மெல்லிய தூவலாக, வாரம் ஒருமுறை மூன்று தடவை. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து மாவுப்பூச்சிக்கு ஆகும், பேனுக்கு ஆகாது. இந்தச் செஞ்சிலந்திப் பேன் பூச்சியினமே இல்லை, எட்டுக்கால் வகை. பழுப்பேறிய இடம் திரும்பப் பச்சையாகாது. புதுத் தண்டு வந்து மறைத்தால்தான் உண்டு.

பூ? அதற்கு மார்கழி, தையில் காய்ந்த மண்ணும் 5 முதல் 10 டிகிரி வரை குளிர்ந்த இரவும் வேண்டும். ஊட்டியில் சும்மா வைத்தாலே கிடைக்கும். சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரி. தண்ணீரை முழுக்க நிறுத்திப் பட்டினி போட்டாலும் ஒன்றிரண்டு மொட்டு வந்தால் அதிர்ஷ்டம். மொட்டு பழுப்பு மயிர் போர்த்திக் கூராக இருக்கும். கன்று ஆரம்பத்திலேயே வெள்ளை முள்ளோடு பச்சை உருண்டையாக இருக்கும். அவசரத்தில் கன்றை மொட்டென்று நம்பி ஏமாறாதீர்கள். மொட்டு தெரிந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். ஒரு பூ சில நாள்தான்.

நியாயமாகச் சொன்னால் இதைவிடச் சுலபமாகப் பெருகும் கள்ளி எனக்குத் தெரியாது. மூன்று வாரம் மறந்துபோனாலும் சாகாது, சுருங்கிக் கிடந்து ஒரு தண்ணீரில் எழுந்துவிடும். பூவே இல்லாவிட்டாலும் தட்டைத் தொட்டியில் வழிந்து தொங்கும் கொத்து அழகுதான். அதெல்லாம் சரி, சமவெளிக்காரர் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வளர்க்கிறவர் யாரிடம் கேட்டாலும் உதிர்ந்தது ஒரு தட்டு நிறைய இருக்கும். நுனியில் துரு இல்லாத, அழுத்தினால் கெட்டியான துண்டாகப் பொறுக்கி, வெட்டுவாய் காய நிழலில் ஐந்து நாள் வைத்து, மணலில் படுக்கப் போடுங்கள். புதைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும், அதுவரைக்கும் தொட்டுப் பார்க்காதீர்கள்.