ஓக்‌ஷன் ஷீட்டா, சேர்விஸ் பில்லா? கொழும்பில் ஓடிய காரின் பழைய கதையை எதில் பார்ப்பது

கொழும்பில் ஓடிய கார் ஒன்றை வாங்கப் போகிறவர் அதன் பழைய கதையை அறிய நான்கு இடங்களில் தேடலாம்: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு, ஜப்பானிய ஓக்‌ஷன் ஷீட் (அங்கே ஏலத்தில் காரைப் பரிசோதித்து எழுதும் தாள்), தெரிந்த கராஜில் ஒரு பரிசோதனை, கார் இங்கே ஓடிய காலத்துச் சேர்விஸ் பில்கள். டொயோட்டா அக்வா ஒன்றைத் தேடி அலைந்தபோது நானும் மனைவியும் நான்கையும் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்விஸ் பில்களுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆனால் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது ஓக்‌ஷன் ஷீட்டைத்தான், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எந்தக் காரானாலும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். சீஆரில், அதாவது பதிவுச் சான்றிதழில், உள்ள சாசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் பொறித்திருப்பவையோடு ஒத்துப்போக வேண்டும். அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. விற்பவரின் பெயரில் கார் இல்லாமல், முந்தைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு ஓபன் பேப்பரில் கைமாறிக்கொண்டிருக்கும் கார்களை நாங்கள் பார்க்கவே போகவில்லை. நடுவில் எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பது அப்படியான காரில் எந்தத் தாளிலும் இருக்காது. சரி, எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் கார் எவ்வளவு ஓடியது, எங்கே அடிபட்டது என்று பதிவு சொல்லப்போவதில்லை.

அடுத்தது ஓக்‌ஷன் ஷீட். இதன் மதிப்பை நான் குறைக்க வரவில்லை. ஜப்பானில் ஏலத்துக்கு வரும் காரை ஏல நிறுவனத்தின் பரிசோதகர் பார்த்து ஒரே தாளில் எழுதி வைக்கிறார். மேலே 4.5, 4, 3.5 என்று மொத்தத் தரம், பக்கத்தில் உட்புறத்துக்கு ஏ, பி, சி என்று ஒரு தரம், அப்புறம் ஓடிய கிலோமீற்றர். கீழே காரின் படத்தில் குறிகள் இருக்கும். ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் டிங்கரிங் செய்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். தரம் எழுதும் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். உங்களுக்கு விற்பதில் எந்த லாபமும் இல்லாத ஒருவர் எழுதியது என்பதுதான் இந்தத் தாளின் பெரிய பலம்.

விற்பவர் வாட்ஸப்பில் அனுப்பும் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 3.5ஐ 4.5 ஆக்குவது இன்றைக்குக் கைத்தொலைபேசியிலேயே செய்யக்கூடிய வேலை. சாசி இலக்கத்தைக் கொடுத்தால் கட்டணத்துக்கு மூல ஷீட்டை எடுத்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. நீங்களே எடுத்து, விற்பவர் தந்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் காரைப் பற்றி மட்டுமல்ல, விற்பவரைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

இவ்வளவு நல்ல தாளை நான் ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்? காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஆகவே இன்று கொழும்பில் பதிவு செய்த கார் என்று விற்பனைக்கு வரும் அக்வா, விட்ஸ், வேகன் ஆர், ஃபிட் பெரும்பாலானவை 2020க்கு முன்பே இங்கே வந்து இறங்கியவை. அந்தக் காரின் ஓக்‌ஷன் ஷீட் துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு காலி வீதி நெரிசலில் நின்று நின்று ஓடியது, பகல் முழுக்க ஹயர் ஓடியது, யாரோ பின்னால் வந்து இடித்தது, மழை வெள்ளத்தில் நின்றது என்று எதுவும் அதில் ஏறாது. பாடசாலை விடுகைப் பத்திரத்தைப் பார்த்து நடுத்தர வயது மனிதரை வேலைக்கு எடுப்பது போன்றது அது. பத்திரம் பொய்யல்ல, ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

கராஜ் பரிசோதனை காரின் இன்றைய நிலையைச் சொல்லும். ஜாக்கியில் தூக்கி அடிப்பகுதியைப் பார்ப்பது, பெயின்ட் தடிப்பை அளக்கும் கருவியால் ஒவ்வொரு பலகையையும் தொட்டுப் பார்ப்பது, ஸ்கேனர் போட்டு ஹைபிரிட் பற்றரியின் பகுதிகளுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்பது. அக்வா, பிரியஸ் வாங்குகிறவர்கள் இந்தக் கடைசி வேலையைத் தவறவிடவே கூடாது. பற்றரி மாற்றுவது பெரிய செலவு. மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள். புரோக்கர் காட்டும் கராஜுக்குப் போவதில் அர்த்தமில்லை.

வெள்ளத்தில் நின்ற காரை அடையாளம் காண்பதிலும் கராஜ்தான் முன்னால் நிற்கிறது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியது, 2025 நவம்பரில் டித்வா புயலோடு மறுபடியும் வெள்ளம் வந்தது. அப்படி நனைந்த காரைக் கழுவிக் காயவைத்து வாசனை அடித்து விற்பது கடினமல்ல. முன்சீற்றின் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். சீற் தண்டவாளத்தின் ஆணிகள், ஸ்பெயார் சக்கரம் வைக்கும் குழி, கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் துருவும் மண்ணும் இருக்கிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். ஆனால் எவ்வளவு திறமையான மெக்கானிக்காக இருந்தாலும் மீட்டரில் உள்ள எண் உண்மையா என்று கேட்டால் ஊகம்தான் சொல்ல முடியும். ஸ்டியரிங் தேய்ந்திருக்கிறது, பிரேக் பெடல் ரப்பர் புதிதாக இருக்கிறது, கொஞ்சம் சந்தேகம் என்பார். அதற்கு மேல் அவரால் போக முடியாது.

அந்த இடத்தில்தான் சேர்விஸ் பில் வருகிறது. ஒரு பில்லில் திகதி, வாகன இலக்கம், அன்றைய மீட்டர் எண், அடுத்த சேர்விஸ் எத்தனையில் என்ற நான்கும் இருக்கும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுபவரிடம் பில்களைத் திகதி வரிசையில் அடுக்கினால் எண்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போக வேண்டும். மீட்டரைக் குறைத்த காரில் இந்தப் படி ஓரிடத்தில் உடையும். பழைய பில்லில் உள்ள எண் இன்றைய மீட்டரை விடக் கூடவாக இருக்கும், அல்லது ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பில்லே இருக்காது.

ஓக்‌ஷன் ஷீட்டும் பில்லும் கைகோர்ப்பதும் இங்கேதான். ஷீட்டில் 2018இல் 42,000 கிலோமீற்றர், 2025இல் மீட்டரில் 78,000 என்று வைத்துக்கொள்வோம். ஏழு வருடத்தில் 36,000, அதாவது நாளுக்குச் சராசரி 14 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கே இதைவிடக் கூட வரும். வீட்டில் நிறுத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்த கார் என்றால் நம்பலாம், ஆனால் அதை நம்பவைக்கப் பில் வேண்டும். 2022 நடுவில் பில்களில் ஒரு நீண்ட இடைவெளி தெரிந்தால் மட்டும் பயப்படாதீர்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரம் 20 லீற்றர் என்று அளந்து வாங்கிய காலம் அது. நேர்மையாக ஓடிய காரிலும் அந்த இடைவெளி இருக்கும். சொல்லப்போனால், அந்த வருடத்திலும் மாதத்துக்கு ஒரு சேர்விஸ் என்று போன காரைத்தான் நான் சந்தேகத்தோடு இரண்டாவது முறை பார்ப்பேன்.

பில் தொலைந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். சிலருக்கு உண்மையிலேயே தொலைந்திருக்கும். முகவர் நிலையங்களும் பெரிய சேர்விஸ் நிலையங்களும் வாகன இலக்கத்தை வைத்துக் கணினியில் பதிவு வைத்திருப்பது உண்டு. நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் சொல்லமாட்டார்கள், அது சரியும்தான். உரிமையாளரோடு போனால் எடுத்துக் காட்டுவார்கள். உங்களோடு அங்கே வரத் தயங்குகிற விற்பனையாளரிடம் காரணத்தைப் பணிவாகக் கேளுங்கள். கதவுத் தூணிலும் பொனட்டின் அடியிலும் ஒட்டிய ஒயில் ஸ்டிக்கர்களையும் பாருங்கள், பழையதைக் கிழிக்காமலே புதியதை ஒட்டியிருப்பார்கள் சில இடங்களில்.

பில்லையும் எழுதிக்கொள்ள முடியாதா என்று மச்சான் கேட்டார். முடியும். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மடிப்பில் எல்லா வருடத்துப் பில்லும் இருந்தால் அந்தக் கராஜுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிடுவது நல்லது. நான் விரும்புவது அழுக்கான அடுக்கு. அச்சடித்த பில் சில, கையால் எழுதியது சில, பஞ்சிகாவத்தையில் வாங்கிய உதிரிப்பாகத்தின் துண்டு ஒன்று, டயர்க் கடை ரசீது ஒன்று. பல இடத்துத் தாள்களில் ஒரே மீட்டர் கதை ஓடினால் அதைப் பொய்யாகக் கட்டுவது மிகவும் சிரமம்.

நாங்கள் கடைசியில் இரண்டு அக்வாக்களுக்கு வந்து நின்றோம். நுகேகொடைப் பக்கம் விற்பனை நிலையம் ஒன்றில் நின்றதற்கு 4.5 தர ஷீட், பளபளப்பான உடல், பில் எதுவுமில்லை. வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இருந்ததற்கு 3.5 தரம், பின்பம்பரில் நெளிவு, ஆனால் ஒரு பைல் நிறையத் தாள். "தம்பி, அவசரப்படாதேங்கோ, பைலைக் கொண்டுபோய் ஆறுதலாப் பாத்திட்டுத் தாங்கோ" என்றார். ஹைபிரிட் பற்றரியின் காற்றாடியைச் சுத்தம் செய்ததற்குக்கூட ரசீது இருந்தது. இரண்டாவதைத்தான் வாங்கினோம்.

காப்புறுதித் தாளையும் அந்தப் பைலில் தேடுங்கள். புதுப்பிப்பு அறிவித்தலில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவு, எத்தனை வீதம் என்று இருக்கும். அது வருடாவருடம் ஏறி, திடீரென்று ஒரு வருடம் விழுந்திருந்தால் அந்த வருடம் என்ன நடந்தது என்று கேட்கலாம். ஏறிக்கொண்டே போனால் விபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. சிறிய அடியைப் போனஸ் போகாமல் கைக்காசில் திருத்துகிறவர்கள் நிறையப் பேர்.

விற்கும்போதும் பைல்தான் பேசும். கொழும்பில் அக்வா, வேகன் ஆர் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் "மைலேஜ் ஒரிஜினலா?" என்றுதான் தொடங்குகிறார்கள். ஓக்‌ஷன் ஷீட்டை அந்தச் சாசி இலக்கத்துக்கு யாரும் காசு கட்டி எடுக்கலாம், அதனால் அது உங்கள் காருக்குத் தனிப் பெறுமதி சேர்ப்பதில்லை. பில் அடுக்கு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. விலை பேசும்போது அதை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் நிமிர்ந்து பேசலாம்.

2025இல் வழி திறந்த பிறகு இறங்கிய, இன்னும் இங்கே பதிவே செய்யாத ரீகண்டிஷன் காருக்கு (ஜப்பானில் ஓடிய பழைய காருக்கு) இந்த வரிசை தலைகீழாகிவிடும். அதற்கு இலங்கைப் பில் என்று ஒன்றே இல்லை, ஓக்‌ஷன் ஷீட்டும் ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழும்தான் துணை. அங்கே ஷீட்டை முதலில் வையுங்கள். மாருதி அல்டோ போல இந்தியாவிலிருந்து புதிதாக வந்த கார்களுக்கு ஷீட் கிடையாது, ஆகவே பில்லும் கராஜும்தான். மின்சாரக் கார்களிலும் ஐரோப்பியக் கார்களிலும் எனக்கு அனுபவம் இல்லை. அவற்றில் பற்றரி ஆரோக்கிய அறிக்கையும் கணினிப் பரிசோதனையும் பில்லை முந்தக்கூடும் என்று தோன்றுகிறது. அதை ஓட்டிப் பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். வாங்கிய பின் உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள், முதல் ஒயில் மாற்றும் பில்லிலேயே வாகன இலக்கத்தையும் மீட்டரையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.