பிளாஸ்மாவில பலூ, அகோனாடி: சின்ன டிஸ்க் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு ரிவியூ

புதுக்குடியிருப்பில எங்கட படிப்பகத்தில ஓஎல், ஏஎல் பெடியளுக்கு வச்சிருக்கிற லப்டொப் எல்லாம் வெளிநாட்டுச் சொந்தங்கள் பாவிச்சிட்டு அனுப்பினது, 128 ஜிபி எஸ்எஸ்டிதான், அதில லினக்ஸும் கேடிஈ பிளாஸ்மா எண்ட டெஸ்க்டொப்பும் போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி யூசர் திறந்து குடுத்திருக்கிறம். பிளாஸ்மா எனக்கு நல்ல விருப்பம், பழைய மெசினிலயும் வடிவா ஓடும். ஆனா பின்னால ஓடுற ரெண்டு சேர்விஸ் ஹோம் ஃபோல்டருக்குள்ள பிடிக்கிற இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும்.

ஒண்டு பலூ, 2014ல கேடிஈயின்ர பழைய நெப்போமுக்குக்குப் பதிலா வந்த ஃபைல் இண்டெக்சர், அதாவது கெதியாத் தேடி எடுக்க ஃபைலுகளை முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்கிறது. தேடினா உடன எடுத்துத் தரும், அதில குறையே இல்லை. கரண்ட் போய் பற்றரியில ஓடேக்க ஃபைலுக்குள்ள வாசிக்கிற வேலையைத் தானாவே நிப்பாட்டி வைக்கும், எங்கட பக்கத்துக்கு அது பெரிய உதவி. ஆனா ஃபைல் பேரோட நிக்காம பிடிஎஃப், டொக்கியூமென்ட் எல்லாத்துக்குள்ளயும் இருக்கிற சொல்லு முழுக்க எடுத்து ஹோமில ஒளிச்சிருக்கிற ஒரு ஃபோல்டருக்க ஒரே இண்டெக்ஸ் ஃபைலா எழுதி வைக்கும், ஃபைல் கூடக் கூட அதுவும் வளரும், பிறகு நீங்கள் ஃபைலுகளை அழிச்சாலும் அது சுருங்காது, ஏனெண்டா அது பாவிக்கிற எல்எம்டிபி டேட்டாபேஸ் வெறுமையான இடத்தைத் தானே திருப்பிப் பாவிக்குமே ஒழிய டிஸ்க்குக்குத் திருப்பிக் குடுக்காது.

இஞ்ச இன்னொரு விசயமும் கிடக்கு. எங்கட பள்ளிக்கூட நோட்ஸ் கனக்க இன்னும் பாமினி எழுத்துருவிலதான், அது யுனிகோட் இல்லை, இங்கிலிஸ் எழுத்துக்கு மேல தமிழ் வடிவத்தைப் போட்டுக் காட்டுற பழைய ஃபொண்ட். திரையில அம்மா எண்டு தெரிஞ்சாலும் உள்ளுக்க இருக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். பலூ அதைத்தான் சொல்லெண்டு எடுத்து வைக்கும், பிள்ளை யுனிகோட்டில அம்மா எண்டு தேடினா ஒண்டும் வராது. ஸ்கேன் பண்ணின பாஸ்ட் பேப்பரில எழுத்தே இல்லை, வெறும் படம். அப்ப உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் பண்ணி இடத்தைக் குடுத்து நாங்கள் வாங்கிறது என்ன? பேரை மட்டும் இண்டெக்ஸ் பண்ணினாலே எங்களுக்குத் தாராளம்.

மற்றது அகோனாடி. மெயில், கலண்டர், கொண்டக்ட்ஸ் பாக்கிறதுக்கு. இது மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸோட ஓடேக்க ஒரு மெயிலும் இல்லாட்டியும் டேட்டாபேஸின்ர பதிவு (log) ஃபைலுக்கெண்டே முன்கூட்டி இடம் பிடிக்கும், எல்லாம் சேர நூறு எம்பிக்கு மேல போகும். ஒரு ஆள் பாவிக்கிற மெசினெண்டா பரவாயில்லை. பத்துப் பிள்ளையள் பாவிச்சா பத்து ஹோமுக்கும் பத்துத் தரம். மெயில் அப்பைத் திறக்கத்தான் வேணுமெண்டில்லை, கலண்டர் விட்ஜெட்டில பிம் ஈவன்ட்ஸ் (PIM Events) எண்டதை டிக் பண்ணினாலும் எழும்பி வரும். ஹோம் நிரம்பிச்செண்டா லொகின் பண்ணேக்கயே திரும்பப் பாஸ்வேர்ட் கேக்கிற திரைக்கு எறியும், பிள்ளையள் பாஸ்வேர்ட் பிழையெண்டு நினைச்சுக்கொண்டு நிக்குங்கள்.

ஓடுற புரோகிராமுகளைக் காட்டுற டொப் (top) கொமாண்டில பலூவுக்கு நேர 256 ஜிபி எண்டு கிடந்தா பயப்படாதேங்கோ, அது வேர்ச்சுவல் மெமரிக் கணக்கு, டிஸ்க் இல்லை. உண்மையான கணக்குப் பாக்க ஃபைல்லைட் எண்ட அப்பைப் போடுங்கோ, எந்த ஃபோல்டர் எவ்வளவு எண்டு வட்டமா வடிவாக் காட்டும், அதுக்கு என்ர முழு மார்க்ஸ்.

பலூவுக்கு ஐஞ்சில மூண்டரை, அகோனாடிக்கு எங்கள மாதிரி இடத்துக்கு ரெண்டு. நிப்பாட்ட வழி இருக்கு, ஆனா அது இடம் பிடிக்குதெண்டு முதல் நாளே ஒருத்தரும் சொல்லுறேல்லை, அதுதான் எனக்குக் கோவம். சிஸ்டம் செட்டிங்ஸில ஃபைல் சேர்ச்சுக்குப் போய் பேர் மட்டும் எண்டு மாத்துங்கோ, ஏற்கனவே வளர்ந்த இண்டெக்ஸைப் பலூசிடிஎல் பேர்ஜ் (balooctl purge) எண்ட கொமாண்ட் குடுத்து அழியுங்கோ, புது வேர்சனில பலூசிடிஎல்லுக்குப் பின்னால ஆறு சேரும் (balooctl6 purge). ஒவ்வொரு யூசருக்கும் இண்டெக்ஸ் தனி எண்டபடியா ஒவ்வொரு பிள்ளையின்ர லொகினிலயும் போய்ச் செய்யவேணும், அட்மினில ஒருக்காச் செய்தா காணாது.