ஊர் மனம் முந்துமா, சட்டம் முந்துமா?

பாம்பன் கரையில் வலை பின்னிக்கொண்டே பெரியப்பா கேட்டார்: "ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணமா? ஊரு ஒத்துக்குமாடா?"

ஊர் ஒத்துக்கொண்ட பிறகு சட்டம் என்பது அயர்லாந்து வழி. 2015 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். கத்தோலிக்கர் நிறைந்த நாடு அது. மாதாவுக்கு நேர்ந்துகொள்ளும் வீடுகள் எங்கள் தீவிலும் நிறைய, அதனால்தான் இதைச் சொல்கிறேன். தைவான் வழி நேர்மாறு: 2017-ல் நீதிமன்றத் தீர்ப்பு, 2018 வாக்கெடுப்பில் மக்கள் எதிர்ப்பு, அப்படியும் 2019-ல் சட்டம்.

நம் சுயமரியாதைத் திருமணங்களும் பல்லாண்டு நடந்த பிறகே 1967-ல் சட்ட ஏற்புப் பெற்றன. ஆனாலும் எனக்குத் தைவான் வழிதான் சரி. ஆஸ்பத்திரியில் துணைவருக்காகக் கையெழுத்துப் போட, அவர் இறந்தால் வீடு கைவிட்டுப் போகாமலிருக்க, ஊர் மனம் கனியும்வரை காத்திரு என்பது கொடுமை. சிறுபான்மையோரின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விடுவதும் அப்படித்தான்.

உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இதை நாடாளுமன்றத்திடம் விட்டது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னதைப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப ரேஷன் கார்டுல ரெண்டு பேரு பேரும் வருமா?" என்றார்.

சேர்க்கலாம் என்று ஒன்றிய அரசு 2024-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது.