15 பாயிண்ட்டா, 25 பாயிண்ட்டா: எங்கள் ஊர் வாலிபால் கணக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். பொங்கலுக்கு வாலிபால் போட்டி நடத்துவோம். பகலில் பாதி ஜனம் எருது விடும் விழாவுக்குப் போய்விடும் என்பதால் ஆட்டம் ராத்திரிதான். ரொம்ப நாள் பழைய 15 பாயிண்ட் முறையிலேயே நடத்தினோம், இப்போது 25 பாயிண்ட் ராலி முறை. மாற்றச் சொல்லி மல்லுக்கு நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால் நான் எந்தக் கட்சி என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆட்டம் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், பக்கத்துக்கு 6 பேர், ஆண்களுக்கு நெட் உயரம் 2.43 மீட்டர். மூன்று டச்சுக்குள் பந்து அந்தப் பக்கம் போக வேண்டும், பிளாக்கில் (நெட் ஓரம் எகிறிக் கையால் தடுப்பதில்) பட்டது டச் கணக்கில் வராது. இதெல்லாம் கோர்ட் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிற பையனுக்கும் தெரியும்.

வித்தியாசம் பாயிண்ட் யாருக்கு என்பதில். சர்வீஸ் போட்டதிலிருந்து பந்து விழும் வரை நடப்பது ஒரு ராலி. பழைய முறையில் சர்வீஸ் போட்ட அணி அந்த ராலியை ஜெயித்தால்தான் பாயிண்ட். எதிரணி ஜெயித்தால் சைடு அவுட், சர்வீஸ் மட்டும் கைமாறும், ஸ்கோர் அசையாது. ராலி முறையில் பந்து விழுந்தால் யாருக்காவது ஒரு பாயிண்ட் உண்டு. எதிரணி ஜெயித்தால் பாயிண்ட்டும் அவர்களுக்கு, சர்வீஸும் அவர்களுக்கு. இந்த முறையில் ரொட்டேஷன் போய்விடும் என்று சிலர் பயந்தார்கள். போகாது. சர்வீஸ் கைக்கு வந்ததும் கடிகாரம் சுற்றுகிற திசையில் ஆளுக்கு ஓர் இடம் நகர்வது அப்படியேதான் இருக்கிறது.

“சர்வீஸே போடாதவனுக்கு எதுக்குப்பா பாயிண்ட்டு?” என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். பழைய முறைக்கு ஓர் அழகு உண்டு. சர்வீஸ் நெட்டில் விழுந்தாலும் பாயிண்ட் போகாது என்பதால் பையன்கள் பயப்படாமல் ஓங்கி அடிப்பார்கள். 14-5 என்று பின்தங்கிய அணியும் சர்வீஸைக் கையில் வைத்திருக்கும் வரை தோற்காது, ஒவ்வொன்றாக ஏறி வரலாம். ராலி முறையில் 24-16 என்று பின்தங்கியிருந்தால் நாம் சர்வீஸை வெளியே அடித்தாலே செட் முடிந்தது.

எனக்கு இதையெல்லாம் தாண்டி ஒரே ஒரு விஷயம்தான் பெரிதாகப்பட்டது. நேரம்.

மாற்றுவதற்கு முந்தின வருஷம் அரையிறுதியில் ஸ்கோர் 11-11. இரண்டு பக்கமும் நல்ல அட்டாக்கர்கள். இவர்கள் சர்வீஸ் போட்டால் அவர்கள் அடித்துப் பந்தை விழவைப்பார்கள், அவர்கள் போட்டால் இவர்கள். கால் மணி நேரம் ஸ்கோர் பலகையில் சுண்ணாம்புக்கட்டிக்கு வேலையே இல்லை. எழுத உட்கார்ந்தவர் தைப் பனிக்குப் போர்வையை இழுத்துக் கண்ணசந்துவிட்டார். பைனல் தொடங்கும்போது மணி மூன்று. நடுவில் ஓர் அணியில் இரண்டு பேர் ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள், காலை ஷிப்ட். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இரண்டு பேரை இறக்கி ஆடித் தோற்றது அந்த அணி. பரிசு வாங்கிய அணிக்கே முகத்தில் சிரிப்பில்லை. விடியும் வரை ஓடிய ஜெனரேட்டரின் வாடகை தனிக் கதை.

ராலி முறையில் இப்படி இழுக்க வழியில்லை. 25-20 என்று முடிந்த செட்டில் மொத்தம் 45 முறைதான் பந்து விழுந்திருக்கும். 24-24 ஆனால் இரண்டு பாயிண்ட் முன்னிலை வரும் வரை ஓடும், அதுவும் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். பழைய முறையில் அதே 15-10-க்கு 40 ராலியும் ஆகலாம், 100 ராலியும் ஆகலாம். உலக வாலிபால் கூட்டமைப்பு 1998-இல் ராலி முறைக்குப் போக முடிவெடுத்தபோது, ஆட்டம் எப்போது முடியும் என்று டிவிக்காரர்களுக்குச் சொல்ல முடியாமல் இருந்தது முக்கியமான காரணம். எங்களுக்கு டிவி இல்லை, ஜெனரேட்டர் இருந்தது.

இப்போது எட்டு அணிகள், ஏழு ஆட்டங்கள். செட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம், மூன்றில் இரண்டு செட் ஜெயிக்க வேண்டும், மூன்றாவது செட் வந்தால் 15-க்கு. இரவு ஏழு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குள் பரிசு கொடுத்துவிடுகிறோம். ஆனால் நாங்கள் நடத்தியது எல்லாமே மூன்று செட் ஆட்டங்கள், என் கணக்கு அதற்கு மட்டும்தான். ஐந்து செட் நடத்துகிறவர்கள் தனியாகக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஓங்கி சர்வீஸ் அடித்த பையன்கள் முதல் வருஷம் பயந்து மெதுவாகத் தட்டிவிட ஆரம்பித்தார்கள், பார்க்கவே சப்பென்று இருந்தது. சர்வீஸ் நெட்டில் உரசி அந்தப் பக்கம் விழுந்தாலும் இப்போதைய விதியில் செல்லும் என்று புரிந்த பிறகுதான் கொஞ்சம் துணிச்சல் திரும்பியது. அப்புறம், ஸ்கோர் எழுதுகிறவர் இனிமேல் தூங்க முடியாது. ஒரு பாயிண்ட் விட்டால் ஊரே கூடிவிடும்.

சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் டீக்கும் போண்டாவுக்கும் ஆடுகிற ஆட்டம் மட்டும் பழைய 15-லேயே நடக்கிறது. அதை நிறுத்த விதி எதுவும் வேண்டாம், இருட்டினால் பந்து தெரியாது.