வால்வு ஆபரேஷனுக்கு முன்: நெஞ்சு வழி எக்கோவா, உணவுக்குழாய் வழி எக்கோவா?

“நெஞ்சில் வைத்து எக்கோ எடுத்தாச்சே, இப்போ எதுக்குத் தொண்டைக்குள்ள குழாய்?” இதய வால்வு ஆபரேஷன் என்று முடிவானதும் பலரும் கேட்பது இதைத்தான். (எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை.) பதில், கெட்டுப்போனது எந்த வால்வு என்பதில் இருக்கிறது.

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வு சுருங்கியிருந்தால் நெஞ்சு வழி எக்கோவுக்கே என் ஓட்டு. இங்கே படத்தைவிட வேகம் முக்கியம். ரத்தம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பீறிட்டால் சுருக்கம் கடுமையானது. வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும்: 4 மீட்டருக்கு 64 மி.மீ. பாதரசம். வேகத்தை அளக்கும் டாப்ளர் ஒலிக்கற்றை ரத்தம் பாயும் திசைக்குச் சாய்ந்து விழுந்து 3 மீட்டர் என்று காட்டிவிட்டால் அது வெறும் 36. நெஞ்சில் வைக்கும் கருவியை இதய நுனி, மார்பெலும்பின் வலப்பக்கம், கழுத்துக்குழி என்று நகர்த்தி நேர்கோட்டைத் தேடலாம். உணவுக்குழாய்க்குள் அவ்வளவு இடமில்லை.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வில் கதை மாறுகிறது. (எக்கோவே இதற்காகப் பிறந்ததுதான்: 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் உலோக விரிசல் தேடும் கருவியை இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். மைட்ரல் ஆபரேஷனுக்கு முன் நோயைச் சரியாகக் கணிப்பதே எட்லரின் தேவை.) உணவுக்குழாய் இடது மேலறையை ஒட்டியே இறங்குகிறது. குறுக்கே விலா எலும்பும் இல்லை, நுரையீரல் காற்றும் இல்லை. இதழின் எந்தப் பகுதி பிதுங்குகிறது, இதழை இழுத்துப் பிடிக்கும் எந்த நாண் அறுந்திருக்கிறது என்று முப்பரிமாணத்தில் தெரியும். வால்வைச் சரிசெய்யலாமா, மாற்றத்தான் வேண்டுமா என்பதற்கு இந்தத் தகவல்தான் ஆதாரம். மேலறையின் மூலைப்பையில் ஒளிந்திருக்கும் ரத்தக்கட்டியும் பெரும்பாலும் இதில்தான் அகப்படும். உலோக மைட்ரல் வால்வு பொருத்தியவர்களுக்கோ, நெஞ்சு வழி பார்த்தால் அதன் நிழல் கசிவையே மறைத்துவிடும்.

ஆனால் படத்தின் அழகில் மயங்கிவிடக் கூடாது. மயக்க மருந்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் மைட்ரல் கசிவு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே கசிவின் அளவை விழித்திருக்கும்போது நெஞ்சு வழியாகவும், வால்வின் அமைப்பை உணவுக்குழாய் வழியாகவும் பார்ப்பதே சரி.

உணவுக்குழாய் வழி எக்கோவில் சிரமம் என்று பார்த்தால் வழக்கமாக ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்ய ஸ்பிரே அடிப்பார்கள். விழுங்குவதில் சிக்கலோ, உணவுக்குழாயில் சுருக்கமோ ரத்தநாளப் புடைப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டுமே கைவிடும் இடமும் உண்டு. இதயம் பலவீனமாக இருக்கும்போது சிலருக்கு அயோர்டிக் வால்வின் திறப்பு 1 சதுர செ.மீ.க்கும் கீழே, கடுமையான சுருக்கம் போல இருக்கும். சராசரி அழுத்த வித்தியாசமோ கடுமைக்கான 40 மி.மீ. பாதரசத்தை எட்டாது. அப்போது இதயத்துடிப்பின் வலுவைக் கூட்டும் டோபுடமின் மருந்தை ஏற்றி எக்கோ எடுப்பார்கள். அதிலும் தெளிவு பிறக்காவிட்டால் சி.டி. ஸ்கேனில் வால்வின் கால்சியத்தை அளப்பார்கள். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 அகாட்ஸ்டன் அலகை (கால்சியத்தை அளக்கும் அலகு) தாண்டினால் சுருக்கம் கடுமையானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.